வெள்ளையாக விட்ட கட்டம்

எச்சில் ஊறவில்லை. யாரையும் கேட்காமல், ஒரு பாடும் படாமல் மனுஷனுக்குத் தானாக ஊறுவது அது ஒன்றுதான். இன்றைக்குப் பார்த்து அதுவும் குருவலிங்கத்துக்குக் கையை விரித்துவிட்டது. விரலளவு பிளாஸ்டிக் குழாயை வாயருகே கொண்டுபோவதும், நாக்கால் அண்ணத்தைத் துழாவிப் பார்ப்பதும், குழாயை இறக்கிவிடுவதுமாக இருந்தார். குழாயில் ஒரு நீலக் கோடு. அதுவரைக்கும் நிரம்ப வேண்டும், நுரை சேர்த்தியில்லை, கொடுத்து முடிக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பிரிசில்லா என்கிற அந்த ஆராய்ச்சிப் பெண் பக்கத்து அறைக்குப் போயிருந்தாள். மதுரையில் ஒரு மனநல ஆஸ்பத்திரியின் பின்கட்டு, நீள வராந்தா, சுவரோரம் போட்ட பெஞ்சு. சுவருக்கு அடித்திருந்தது மட்டமான டிஸ்டெம்பர், கை வைத்தால் மாவாக ஒட்டும், பிரைமர் அடிக்காமலே எவனோ பில் போட்டிருக்கிறான். அருப்புக்கோட்டையில் இத்தனை வருஷமாகப் பெயின்ட் கடை வைத்திருப்பவருக்கு எங்கே போனாலும் கண் முதலில் சுவருக்குத்தான் போகும். இன்றைக்கு அது வசதியாகவும் இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அக்காவைப் பார்க்க வேண்டாம். சந்தனமாரி அக்கா தன் குழாயை எப்போதோ நிரப்பிக் கொடுத்துவிட்டாள். மடியில் துணிப்பை, அதற்குள் தூக்குச்சட்டியில் தயிர்சாதம், பையின் காதுகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்தபடி பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி இருந்தாள். "புளியங்காயை நினைச்சுக்கோடா தம்பி. உப்புத் தொட்டுக் கடிக்கிற மாதிரி நினை. எனக்கு அப்படித்தான் வந்துச்சு" என்றாள். அவர் புளியங்காயை நினைத்தார். நினைப்பில் உப்பு வந்தது, புளி வந்தது, எச்சில் மட்டும் வரவில்லை. பயந்தால் வாய் உலரும், அது எல்லாருக்கும் தெரியும். மாத்திரை போட்டாலும் உலரும், அது யாருக்கும் தெரியாது. அல்லது யாருக்கும் தெரியாது என்று அவர் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா கூப்பிட்டதால்தான் வந்தது. எதுவுமே கேட்காத அக்கா. புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து மாடி அறையில் இருந்துகொண்டு, ஒரு சேலை வேண்டும் என்றுகூட வாய் திறக்காதவள், போன மாதம் கடைக்கே வந்து நின்றாள். பைபோலார் நோய் ஆண்களுக்கு எப்படி வருகிறது, பெண்களுக்கு எப்படி வருகிறது, வம்ச ரத்தத்தில் என்ன வித்தியாசம் என்று எச்சிலை வாங்கி ஆராய்ச்சி பண்ணுகிறார்களாம், நோய் இருக்கிறவரோடு கூடப்பிறந்தவரும் வர வேண்டுமாம். "நீ வரணும்டா" என்றாள். வாடிக்கையாளர் ஒருவர் சந்தன நிறமா பாதாம் நிறமா என்று வண்ண அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அந்த ஆளுக்கு முன்னால் வைத்து மறுக்க முடியாமல் தலையை ஆட்டிவிட்டார். காலையில் பெரிய டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளில் குடும்பத்தை வரைந்தாள். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரக் கட்டம், நோய் கண்டவர்களுக்கு உள்ளே பென்சிலால் கறுப்பு. அக்காவின் வட்டம் கறுப்பானது. அய்யாவோடு பிறந்த ராமுத்தாய் அத்தை, மாட்டுக் கொட்டிலில் சங்கிலி போட்டு வைத்திருந்தார்களே, அந்த வட்டமும் கறுப்பானது. "உங்க அப்பாவுக்கு?" என்று கேட்டாள். "அவருக்கு என்ன, கோயில்மாடு மாதிரி இருந்தாரு" என்று சொன்னவர் குருவலிங்கம்தான். ஒரே மாதத்தில் பழனிக்கு மூன்று தடவை நடந்துபோன அய்யா, கறவை மாட்டைக் கயிற்றோடு பண்டாரத்துக்குத் தானம் கொடுத்துவிட்டு வந்த அய்யா, பிறகு தைமாதம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்த அய்யா. அவருக்கு ஊர் வைத்த பெயர் ஆவேசக்காரர், அருள் உள்ள மனுஷன். அதே ஆவேசம் ராமுத்தாய்க்கு வந்தபோது சங்கிலி. அய்யாவின் கட்டம் வெள்ளையாக நின்றது. பென்சில் அதற்கு அடுத்த கட்டத்துக்கு வந்து நின்றது. "உங்களுக்கு எப்பவாவது? தூக்கமே இல்லாம சுறுசுறுப்பா, அப்புறம் ரொம்பச் சோர்வா?" அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இல்லம்மா" என்றார். கூசாமல் வந்தது. கடையில் ஸ்டாக் இல்லை என்று சொல்வது போலவே வந்தது. டாக்டரம்மா தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "பொதுவா ஆணுக்கும் பெண்ணுக்கும் வழிவழியா வர்ற காரணம் பெரும்பாலும் ஒண்ணுதான்னு நினைக்கிறோம். உங்க குடும்பத்துல பார்த்தா பொம்பளைங்களுக்கு மட்டும் வந்திருக்கு. இந்த மாதிரிக் குடும்பம் எங்களுக்கு ரொம்ப முக்கியம்" என்றாள். முக்கியம். ஒரு பொய்யைச் சொன்னதற்கு இப்படி ஒரு மரியாதை. எங்கோ ஒரு கம்ப்யூட்டரில், எங்கெங்கோ உள்ள குடும்பங்களோடு, குருவலிங்கத்தின் வெள்ளைக் கட்டமும் போய் உட்காரும். பெண்ணுக்கு வரும், ஆணுக்கு வராது என்று அது பல்லைக் காட்டிச் சாட்சி சொல்லும். இதே மாதிரி எத்தனை வீட்டில் எத்தனை ஆம்பளைகள் ஜம்பமாக உட்கார்ந்து இல்லம்மா என்று சொல்லியிருப்பார்களோ. அவருக்குக் காது மடல் சுட்டது.

குழாயை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார். ஒரு துளி, அதுவும் நுரை. ரோஸ் நிறம் ஞாபகத்துக்கு வந்தது. வரக் கூடாதென்று நினைத்தால் கட்டாயம் வருகிற நிறம். மகள் சுகிர்தா பத்தாம் வகுப்பு படித்த வருஷம், பங்குனிப் பொங்கலுக்கு முன்னால், ஒருநாள் விடியலில் எழுந்தவருக்கு உலகம் கழுவிவிட்டது போலத் தெரிந்தது. கடைவீதி முழுக்க, இரண்டு பக்கமும், எல்லாக் கடை ஷட்டருக்கும் ரோஸ் பெயின்ட் அடித்தால் எப்படி இருக்கும் என்று ஒரு யோசனை. யோசனை வந்தபோது அது யோசனையாக இல்லை, உத்தரவாக இருந்தது. ஆள் பிடித்தார், ஏணி பிடித்தார், தானே ஏறி அடித்தார், ராத்திரி தூங்கவில்லை, பசிக்கவில்லை, பேச்சு நிற்கவில்லை, பேசப் பேச வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு ஊறியதில் ஒரு மடக்கு இன்றைக்குக் கிடைத்தால் போதும். நகைக்கடை, மருந்துக்கடை, பூட்டிக் கிடந்த வட்டிக்கடை, எல்லாம் ரோஸ். ஊர் என்ன செய்தது? வியாபாரிகள் சேர்ந்து பஜார் முக்கில் அவருக்கு பிளக்ஸ் வைத்தார்கள். கும்பிட்ட கையோடு அவர் படம், மேலே கொடைவள்ளல் என்று எழுத்து. வைத்தியம் தேவைப்பட்ட ஆளுக்கு மாலை போட்டார்கள். பிளக்ஸ் வெயிலில் வெளுப்பதற்குள் அவரும் வெளுத்துவிட்டார். கட்டிலைவிட்டு எழ முடியவில்லை, சட்டைப் பித்தானைப் போடுவது மலையாக இருந்தது, கடைக்குள்ளே டின்னில் இருந்த, பெயின்ட் கரைக்கிற தின்னரைக் குடித்தால் என்ன என்றுகூட ஒருநாள் நினைத்தார். முதுகுவலி என்று வீட்டில் சொல்லிவிட்டுத் திருச்சிக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். அக்காவின் சீட்டில் எழுதியிருந்த அதே பெயர். அக்காவின் அதே மாத்திரை. லித்தியம்.

அக்காவும் ஒருகாலத்தில் விடிய விடியப் பேசினாள். அவளுக்கு யாரும் பிளக்ஸ் வைக்கவில்லை. சிவகாசியில் கட்டிக்கொடுத்து, முதல் பிள்ளை ஆண் பிள்ளை, பெற்றுப் பத்து நாள்கூட இருக்காது, தூக்கமே வராமல் போயிற்று அவளுக்கு. தெருவில் இறங்கிப் பாட்டுப் பாடினாள், யார் வீட்டுக் கதவையும் தட்டிப் பிள்ளையைக் காட்டினாள், பிள்ளை ராஜாவாகப் போகிறான் என்றாள். கூட்டிப்போங்கள் என்று தகவல் வந்தது. வேன் பிடித்துப் போனவர் குருவலிங்கம். அப்போது மீசை அரும்பி நாலு வருஷம் ஆகியிருக்கும், கௌரவம் மட்டும் கிழவனுக்கு உள்ளது போல இருந்தது. மச்சான் வாசலில் நின்றார், உள்ளே வா என்று சொல்லவில்லை. பிள்ளையை மாமியார்க்காரி வாங்கிக்கொண்டாள். வேனில் அக்கா கதவைத் திறக்கப் பார்த்தாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளுடைய இரண்டு கையையும் சேர்த்துக் கட்டினார். இறுக்கிக் கட்டினார். தெருவில் எல்லாரும் பார்க்கிறார்களே என்பதுதான் அப்போது பட்ட வெட்கம். அவளுடைய ரவிக்கை பால் கசிந்து நனைந்திருந்தது. கை கட்டியிருந்ததால் முந்தானையை இழுத்து மூடிக்கொள்ளவும் அவளால் முடியவில்லை, அவருக்கும் மூடிவிடத் தோன்றவில்லை. திருத்தங்கல் ரோடு முழுக்க அந்த ஈரத்தைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இப்போது சுவரைப் பார்க்கிற மாதிரிதான். அந்தப் பிள்ளைக்கு இப்போது மீசை நரைக்கத் தொடங்கியிருக்கும். ஒரு தடவை வந்து எட்டிப் பார்க்கவில்லை. சுகிர்தாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் மாடியில் இருப்பது யார் என்று கேட்டபோது, "எங்க அக்கா, பிரசவ ஜன்னி கண்டு அப்படியே நின்னுருச்சு, ரத்தத்துல வர்றதெல்லாம் இல்ல, எங்க வம்சத்துல ஒரு குறையும் கிடையாது" என்று குருவலிங்கம் தெளிவாக எடுத்துச் சொன்னார். சம்பந்தி வீட்டார் அவரைப் பார்த்தார்கள், பளபளவென்று வேட்டி சட்டையோடு உட்கார்ந்திருக்கிற கொடைவள்ளலைப் பார்த்தார்கள், நம்பினார்கள். அக்கா அன்றைக்கு மாடியைவிட்டு இறங்கவேயில்லை. யாரும் இறங்காதே என்று சொல்லவும் இல்லை. இப்போது சுகிர்தாவுக்கு எட்டாம் மாதம். வளைகாப்புக்கும் அக்கா மாடியில்தான் இருந்தாள், வளையல் சத்தம் கேட்டிருக்கும்.

கை நடுங்கியது. குழாயின் வாய் பல்லில் இடித்தது. இந்த நடுக்கத்துக்கு வீட்டில் பெயர் பிரஷர். மாத்திரைக்கும் பெயர் பிரஷர் மாத்திரை. அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து ஒரு பழைய மருந்து பாட்டிலில் போட்டுச் சாமி அலமாரியிலேயே வைத்திருந்தார், ஒளிக்காமல் வைப்பதுதான் நல்ல ஒளிப்பு என்று தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு. மனைவி விமலா நல்லவள். நல்லவளாக இருந்ததுதான் தொந்தரவு. புருஷனுக்கு ரத்தக்கொதிப்பு என்று கேட்டதும் மறுநாளே அடுப்படியில் உப்பைக் குறைத்தாள். ஊறுகாய், அப்பளம், வற்றல் எல்லாம் கண்ணில் படாமல் போயிற்று. திருச்சி டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: இந்த மாத்திரைக்கு உப்பைக் குறைக்கவே கூடாது, குறைத்தால் மருந்து உடம்பில் தங்கிவிடும், கை நடுங்கும், வாந்தி வரும், விட்டால் ஆளையே சாய்த்துவிடும். அதை எப்படி விமலாவிடம் சொல்வது? பிரஷருக்கு உப்புப் போடச் சொல்கிற டாக்டர் எந்த ஊரில் இருக்கிறார்? உப்பில்லாத குழம்பை வாயில் வைத்துக்கொண்டு நன்றாக இருக்கிறது என்றார். ஒரு சித்திரையில் அவருக்கு வாந்தி நிற்கவில்லை, கை பம்பரமாக ஆடியது, நடை குழறியது. அதற்கப்புறம்தான் அந்தக் கூத்து ஆரம்பித்தது. மத்தியானச் சோறு பரிமாறுவது அக்கா. சோற்றைப் பிசையும்போது அடியில் விரலில் தட்டும், ஒரு துண்டு உப்பு நார்த்தங்காய். தினமும். முதலில் அவருக்குப் புரியவில்லை, பைத்தியத்துக்கு ஒரு புதுப் பழக்கம் என்று நினைத்தார், நாக்குச் செத்துப்போயிருந்ததால் சத்தம் போடாமல் தின்றார். உடம்பு தேறியது, வெயில் தணிந்ததால் என்று நினைத்தார். ஒருநாள் விமலா பார்த்துவிட்டாள். "ஏன் மதினி, என் தாலிக்கு உலை வைக்கணும்னே இருக்கீங்களா? பிரஷர்காரருக்கு ஊறுகாய் வைக்கிறீங்களே, அறிவு இருக்கா?" அக்கா தலையைக் குனிந்து தட்டை எடுத்தாள். அவர் சொன்னார். அவர் சொன்னது இதுதான்: "விடு விமலா, அவளுக்குத்தான் கொஞ்சம் கிறுக்குன்னு தெரியும்ல." சிரித்துக்கொண்டே சொன்னார். மறுநாளும் சோற்றுக்கடியில் நார்த்தங்காய் இருந்தது, இன்னும் ஆழமாக.

"என்ன சார், இன்னும் அரை கூட ஆகலையா?" பிரிசில்லா வந்து நின்றாள். சின்னப் பெண், சுகிர்தா வயதுதான் இருக்கும். கன்னத்தை வெளியே இருந்து தேய்க்கச் சொன்னாள். அவர் தேய்த்தார். அந்த நேரத்தில் அவள் அக்காவிடம் மாத்திரைச் சீட்டைக் கொடுத்து, "லித்தியம் சாப்பிடுறவங்க உப்பைக் குறைக்கக் கூடாதும்மா, தெரியும்ல? வயசாச்சுன்னு நீங்களா குறைச்சிடாதீங்க" என்றாள்.

"தெரியும் தாயி" என்றாள் அக்கா. "குறைச்சா கை ஆடும், வாந்தி நிக்காது, நாக்குக் குழறும். பார்த்திருக்கேன்."

"உங்களுக்கு அப்படி வந்திருக்கா?"

"எனக்கு வந்ததில்ல."

அவ்வளவுதான் சொன்னாள். பிரிசில்லா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குருவலிங்கத்துக்குக் கன்னத்தில் இருந்த கை அப்படியே நின்றது. எனக்கு வந்ததில்லை. அப்படியென்றால் யாருக்கு வந்து பார்த்தாள்? மாடியும் கீழ்வீடும் தவிர அவள் வேறு யாரைப் பார்த்தாள்? சாமி அலமாரியைத் தினமும் துடைக்கிறவள் அவள்தான். இத்தனை வருஷம் தன் உள்ளங்கையில் எடுத்துப் போட்டுக்கொள்கிற மாத்திரையை அவளுக்கு அடையாளம் தெரியாதா, எந்த பாட்டிலில் போட்டால் என்ன. மாத்திரையைப் பார்த்திருக்கிறாள், ரோஸ் ஷட்டர்களைப் பார்த்திருக்கிறாள், பிளக்ஸைப் பார்த்திருக்கிறாள், அய்யாவைப் பார்த்தவளுக்குத் தம்பியைத் தெரியாமல் போகுமா. அவர் உயிர் அந்தச் சித்திரையிலிருந்து ஒரு துண்டு நார்த்தங்காயில் நின்றிருக்கிறது. அதற்கு அவர் கொடுத்த பெயர் கிறுக்கு. எந்தச் சுவரைப் பார்த்தாலும் இனி போதாது. தரையில் பதித்திருந்த மொசைக்கைப் பார்த்தார். நாக்கின் அடியில், கேட்காமலே, உப்பும் புளிப்புமாக எச்சில் சுரந்தது. துப்பினார். மறுபடி துப்பினார். குழாய் நிரம்பியது.

"அப்பாடா" என்று பிரிசில்லா குழாயை வாங்கி மூடினாள். ஒட்டுவதற்கு இரண்டு ஸ்டிக்கர் வைத்திருந்தாள், நோய் உள்ளவர்களுக்குச் சிவப்பு, இல்லாதவர்களுக்குப் பச்சை. பச்சையை உரித்தாள். உரித்துக்கொண்டே பேச்சுவாக்கில், "வீட்டுல யாராவது பிள்ளை உண்டாகி இருக்காங்களா?" என்று கேட்டாள். அக்கா முந்திக்கொண்டாள். "என் மருமக இருக்கா. இவன் மக, சுகிர்தா. எட்டு மாசம்."

"நீங்க அத்தைதானே. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தாத்தான் ரொம்ப உஷாரா இருக்கணும். பிரசவம் ஆன மறுநாள்ல இருந்தே தூக்கம் வருதா, பேச்சு எப்படி இருக்குன்னு பார்க்கணும். முன்கூட்டியே டாக்டருக்குத் தெரிஞ்சா ஒண்ணும் பயமில்ல, தாயையும் பிள்ளையையும் பிரிக்காமலே பார்த்துக்கலாம்."

தாயையும் பிள்ளையையும் பிரிக்காமலே. அக்கா அதை இதற்கு முன்பே கேட்டிருக்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. போன மாதம் இங்கே வந்தபோது கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு நேரே கடைக்கு வந்து நின்றிருக்கிறாள், நீ வரணும்டா என்று. தன் வாயால் சொன்னால் கிறுக்குச் சொல்வதாக ஆகிவிடும் என்று, இந்தப் பெண் வாயால் அவர் கேட்பதற்காக இத்தனை தூரம் பஸ் ஏற்றிக் கூட்டிவந்திருக்கிறாள். வேனில் நனைந்த ரவிக்கை கண்ணுக்கு வந்தது. முகம் மட்டும் அக்காவுடையதாக இல்லை, சுகிர்தாவுடையதாக இருந்தது. சொன்னால்? சம்பந்தி வீட்டில் வாசலில் நிற்பார்கள், உள்ளே வா என்று சொல்ல மாட்டார்கள். மருமகன் என்ன நினைப்பான். விமலா என்ன நினைப்பாள். பஜார் சிரிக்கும். சொல்லாவிட்டால்? எல்லாரும் மதிப்பார்கள். வேன் பிடிக்க வேறு ஒருவன் கிளம்புவான்.

"சாருக்குக் கை ஏன் இப்படி நடுங்குது?" என்றாள் பிரிசில்லா.

"அவனுக்குப் பிரஷர் தாயி" என்றாள் அக்கா, அவரைப் பார்க்காமல். சோற்றுக்கடியில் வைப்பது போலவே, யார் கண்ணிலும் படாமல் வைத்தாள் அந்தச் சொல்லை. அத்தனையும் காட்டிக் கொடுக்க வந்தவள் அல்ல அவள். கேட்க வைத்தாள், அவ்வளவுதான். சொல்வதையும் சொல்லாததையும் அவரிடமே விட்டுவிட்டாள். பச்சை ஸ்டிக்கர் குழாயைத் தொடுவதற்கு ஒரு விரல் தூரம் இருந்தது.

"பிரஷர் இல்லம்மா" என்றார் குருவலிங்கம். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "அந்த ஸ்டிக்கர ஒட்டாதீங்க. நானும் லித்தியம்தான். என் பொண்ணு பத்தாவது படிச்சதுல இருந்து. எங்க அய்யாவுக்கும் இருந்துச்சு, காலைல டாக்டரம்மாட்ட மாத்திச் சொல்லிட்டேன்."

பிரிசில்லா நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தார், கேலி செய்வாள் என்று நினைத்தார். அவள் பச்சையை விரலில் சுருட்டிப் போட்டுவிட்டு உள்ளே போய்த் தாளை எடுத்து வந்தாள். பென்சிலைச் சாய்த்துப் பிடித்து அய்யாவின் கட்டத்தையும் அவருடைய கட்டத்தையும் கறுப்பாக்கினாள். மூலையில் கொஞ்சம் விட்டுப்போயிற்று, பெயின்ட்காரர் கண்ணுக்கு அது பட்டது, அங்கேயும் அடித்தாள். இரண்டு வட்டம், இரண்டு கட்டம். அவமானம் குறையவில்லை, தோளிலிருந்து இறங்கி மடியில் உட்கார்ந்தது போல இருந்தது, அவ்வளவே. அக்காவைப் பார்த்தார். காலையிலிருந்து அப்போதுதான் நேராகப் பார்த்தார். "அக்கா, அன்னைக்கு விமலா கேட்டப்போ நான்..." என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் அப்புறம். முதல்ல பிள்ளைக்குப் போன் போடு" என்றாள் அக்கா. பிரிசில்லாவைத் திரும்பிப் பார்த்து, "இனி இவன் சாப்பிடலாம்ல தாயி?" என்று கேட்டாள். சாப்பிடலாம் என்றாள் அவள்.

போன் மணி போய்க்கொண்டிருந்தது. அக்கா பெஞ்சிலேயே தூக்குச்சட்டியைத் திறந்தாள். மறுமுனையில், "சொல்லுங்கப்பா, என்ன இந்நேரத்துல?" என்றாள் சுகிர்தா. "உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்மா" என்று அவர் சொல்லும்போது, அக்கா தயிர்சாதத்தை விரலால் கிளறி, அடியில் புதைத்து வைத்திருந்த நார்த்தங்காய்த் துண்டை எடுத்து, சோற்றுக்கு மேலே வைத்தாள்.